வருண பகவானின் வரவுக் கணக்கு

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். பட்டினப்பாக்கத்தில் நாம் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தோம். கிழக்கே சமுத்திரம். தெற்கே அடையாறு, கடலோடு கலக்க வந்து, மணல் திட்டைத் தாண்ட மனமில்லாமல் முகத்துவாரத்தில் தயங்கி நின்றது. மேற்கே, மயிலாப்பூருக்கும் அப்பால், பூவிருந்தவல்லித் திசையில் கருமேகம் ஒன்று மலை போல் எழும்பிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் கடற்காற்று ஓய்ந்தது. எதிர்த் திசையிலிருந்து புழுதிக் காற்று அடித்தது. கொடியில் உலர்ந்துகொண்டிருந்த துணிகளை வாரிக்கொண்டு கீழே இறங்குவதற்குள் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

அடுத்த வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற கணக்கர். காலைப் பத்திரிகையை மாலை வரையில் படிக்கிறவர். அவர் தாழ்வாரத்தில் நின்றபடியே நம்மைக் கூப்பிட்டு, "என்ன ஸார், தேசத்தில் பருவமழை குறைவு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். என் வேஷ்டியானால் மூன்று நாளாய்க் காயவில்லை! இவர்களுக்கு யார் ஸார் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். நாம் உபாத்தியாயராக இருப்பதால், உலகத்தில் எங்கே யார் கணக்கில் தப்புச் செய்தாலும் அதற்கு நாம்தான் பொறுப்பு என்பது அவருடைய அபிப்பிராயம்.

அவரைச் சிரித்துச் சமாளித்துவிட்டோம். ஆனால் மறுநாள் வகுப்பில் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் அதே கேள்வியைக் கேட்டபோது சிரித்துத் தப்ப முடியவில்லை. நம் பள்ளிக்கூடத்தில் மழைமானி ஒன்று வைத்திருக்கிறோம். தினம் காலை எட்டரை மணிக்கு மாணவர்களே முறை வைத்து அதை அளந்து நோட்டுப் புத்தகத்தில் குறிக்கிறார்கள். அன்று அவன் முறை. "ஸார், இந்தியா பூராவும் மழை குறைவு என்கிறார்கள், நம் மழைமானி மட்டும் நிரம்புகிறதே? மழைமானி தப்பா, பேப்பர் தப்பா?" என்றான்.

இரண்டும் தப்பில்லை என்று சொல்லி முடிப்பது சுலபம். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்பில் முடியாமல் போனதை இந்த வாரம் நேயர்களிடம் சொல்லி முடித்துவிட உத்தேசித்திருக்கிறோம்.

தென்மேற்குப் பருவக் காற்று ஜூன் முதல் ஸெப்டம்பர் வரையில் வீசுகிறது. இந்து மகா சமுத்திரத்தின் தென் பாதியில் புறப்பட்டு, பூமத்திய ரேகையைக் கடந்து, ஆப்பிரிக்கக் கரையோரமாய்த் திரும்பி, அரபிக் கடலின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு மலையாளக் கரையில் வந்து மோதுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதன் மடியை அவிழ்த்துக் கொட்டச் செய்துவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது வெறும் காற்று. அம்மியைப் பறக்கடிப்பதாக நம் முன்னோர் சொல்லும் ஆடிக் காற்று இதுதான். ஈரம் போய்விட்டது, வேகம் மட்டும் மிச்சம்.

அப்படியானால் சென்னைக்கு ஆடியில் மழை ஏது? பகலெல்லாம் வெயில் நிலத்தைக் காய்ச்சுகிறது. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கேயிருந்து உள்ளே நுழைகிறது. மேற்கேயிருந்து வரும் காற்றோடு அது முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்று மேலே எழும்பி இடிமேகமாகிறது. அரக்கோணம், திருவள்ளூர்ப் பக்கத்தில் உருவாகும் இந்த மேகங்களை உயரத்திலுள்ள மேல்காற்று கடற்கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆகவேதான் நமக்கு அந்நாட்களில் மழை பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ வருகிறது. வருஷத்தில் நகரம் பெறும் சுமார் 140 சென்டிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வருவதுதான். ஐப்பசி, கார்த்திகைப் பெருமழையின் புகழில் இந்தச் சாயங்கால மழையை நாம் மறந்துவிடுகிறோம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ராஜஸ்தானத்திலிருந்து கங்கைச் சமவெளி வழியாக வங்காள விரிகுடா வரையில் காற்றழுத்தம் குறைந்த ஒரு நீண்ட பள்ளம் பருவ காலம் முழுவதும் படுத்திருக்கும். அது தன் இடத்தில் இருக்கிறவரையில் மத்திய இந்தியாவில் மழை கொட்டும். சில சமயம் அது வடக்கே நகர்ந்து இமயமலை அடிவாரத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்போது மத்திய இந்தியாவில் மழை அறவே நின்றுவிடும். விதைத்த வயல் வெடிக்கும். அதே நாட்களில் இமயத்தின் அடிவாரத்திலும் தமிழ்நாட்டிலும் மழை அதிகரிக்கும். நாகபுரி குடியானவன் வானத்தைப் பார்த்துக் கைகூப்பும் வாரத்தில் பட்டினப்பாக்கத்து வேஷ்டி காயாமல் போவதன் ரகசியம் இதுவே. மழைமானியும் பொய் சொல்லவில்லை. பத்திரிகையும் பொய் சொல்லவில்லை.

இனி, குறைவு என்றால் எதற்குக் குறைவு என்று பார்ப்போம். இந்த நான்கு மாதத்தில் இந்தியா முழுவதற்கும் சேர்த்துச் சராசரி மழை சுமார் 87 சென்டிமீட்டர். பழைய கணக்கில் 34 அங்குலம். வருஷத்துக்கு வருஷம் இது மேலும் கீழும் ஆடுகிறது. ஆட்டத்தின் அளவு பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துக்குள் அடங்கிவிடும். மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் அப்படித்தான். பத்துக்கு மேல் குறைந்தால் வறட்சி என்றும், பத்துக்கு மேல் கூடினால் மிகுமழை என்றும் சொல்லுகிறார்கள்.

நூற்றுக்குப் பத்து என்பது என்ன பிரமாதம் என்று தோன்றலாம். நாலைந்து விரற்கடை ஆழத் தண்ணீர்தானே! ஆனால் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய் குறைந்தால், அந்தக் குறைவு எல்லாச் செலவிலும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டா விழுகிறது? வீட்டு வாடகை குறையாது. அரிசி விலை குறையாது. குழந்தையின் பாலிலோ, பாட்டியின் மருந்திலோதான் போய் விழும். மழையும் அப்படியே. அஸ்ஸாமிலும் மலையாளத்திலும் வருஷா வருஷம் ஆட்டம் சொற்பம். எங்கே இயல்பாகவே மழை குறைவோ, அந்தக் கட்ச்சிலும் மேற்கு ராஜஸ்தானத்திலும்தான் ஆட்டம் அதிகம். இல்லாதவன் வீட்டில்தான் வருமானமும் நிச்சயமில்லாமல் இருக்கிறது.

காலமும் ஒரு கணக்கு. 2002-இல் ஜூன் மாதம் நன்றாகத் தொடங்கிய மழை, ஜூலையில் இயல்பில் பாதியளவே பெய்தது. நாற்று நடும் மாதம் அது. பருவத்தின் மொத்தக் குறைவு நூற்றுக்கு 19 என்று முடிந்தது. ஆனால் ஜூலையில் காய்ந்த நாற்றுக்கு ஸெப்டம்பரில் பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன? 2023-இலும் அப்படித்தான். மொத்தத்தில் ஆறு சதவிகிதக் குறைவு என்று சாதுவாகத் தோன்றும் அந்த வருஷத்தில் ஆகஸ்டு மாதம் மட்டும் 1901-க்குப் பிறகு வந்த ஆகஸ்டுகளிலெல்லாம் வறண்டதாக இருந்தது.

பருவமழை மலையாளக் கரையில் ஜூன் 1-ஆம் தேதி இறங்கவேண்டும் என்பது வழக்கம். இரண்டு நாள் தாமதமானால் பத்திரிகைகள் பதறுகின்றன. இரண்டு நாள் முந்தினால் பங்குச் சந்தையில் சந்தோஷம் பொங்குகிறது. இந்தப் பரபரப்பில் சாரம் குறைவு. 1918-இல் மே மாதம் 11-ஆம் தேதியே மழை இறங்கிவிட்டது. பதிவுகளில் அதைவிட முந்தியது இல்லை. 1972-இல் ஜூன் 18-ஆம் தேதிதான் வந்தது. அதைவிடப் பிந்தியது இல்லை. இரண்டு வருஷங்களிலுமே மழை ஏறக்குறைய கால் பங்கு குறைந்து கொடிய வறட்சி ஏற்பட்டது! மாப்பிள்ளை கல்யாணத்துக்கு எத்தனை மணிக்கு வந்தார் என்பதை வைத்து அவர் குடித்தனம் செய்யும் அழகைச் சொல்ல முடியுமா?

மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறுகிறவர்கள் கீழே குனிந்து பார்த்தால் கறுத்த நீர் தேங்கிய வாய்க்கால் ஒன்று தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் நம் எல்லோருடைய வழக்கமும். பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர். நகரத்தின் வடக்கே எண்ணூர்ப் பக்கமும் தெற்கேயும் அதன் பகுதிகள் முன்னமே இருந்தன. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து நடுவே ஓடும் இந்த ஐந்து மைல் வெட்டப்பட்டது 1877, 78-ஆம் வருஷங்களில். வெட்டியவர்கள் பஞ்சத்தில் அடிபட்டு, கஞ்சிக்காகப் பட்டணத்துக்கு நடந்து வந்த ஜனங்கள்.

1876-இல் சென்னை மாகாணத்தில் இரண்டு பருவமும் பொய்த்தன. 1877-இல் தென்மேற்குப் பருவம் தேசமெங்குமே பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்களுக்கு அவர்கள் பாட்டிமார்கள் சொல்லி வைத்தது அதுதான். மாண்டவர் தொகையைக் குறைத்துச் சொல்லுகிறவர்களே ஐம்பது லட்சத்துக்கு மேல் என்கிறார்கள்.

இதில் மழையின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1877 ஜனவரி முதல் தேதியன்று வைசிராய் லிட்டன் பிரபு தில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக்கிப் பிரகடனம் செய்து கொண்டிருந்தார். தெற்கே ஜனங்கள் சாலையோரத்தில் விழுந்துகொண்டிருந்தார்கள். பஞ்ச காரியங்களைக் கவனிக்க அவர் அனுப்பிய ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர், மண் வெட்டுகிறவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று விதித்தார். இதே மனிதர் 1874-இல் பீகாரில் பர்மா அரிசியை வரவழைத்துத் தாராளமாக வழங்கியபோது பட்டினிச் சாவு மிகச் சொற்பமாக இருந்தது. பணத்தை விரயம் செய்துவிட்டார் என்று அதற்காக அவருக்கு வசவு கிடைத்தது. பாடம் கற்றுக்கொண்டுவிட்டார் போலும்! சென்னையில் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் என்பவர், ஒரு ராத்தல் தானியத்தில் உழைக்கிற உடல் நிற்காது என்று வாதாடினார். அவரும் வெள்ளைக்காரர்தான் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அந்த வருஷங்களிலும் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிச் சென்றுகொண்டுதான் இருந்தது.

2009-இலும் பருவமழை நூற்றுக்கு 22 குறைந்தது. அது அற்பமான குறைவல்ல. பயிர் போயிற்று, கடன் ஏறிற்று, விலைவாசி உயர்ந்தது; ஆனால் 1877-ஐப் போல லட்சக்கணக்கில் ஜனங்கள் சாகவில்லை. வானம் அவ்வளவாக மாறிவிடவில்லை. களஞ்சியமும், ரேஷன் கடையும், கேள்வி கேட்கும் ஜனங்களும் இருந்தார்கள்.

நிற்க. மழை ஏன் இப்படி வருஷத்துக்கு ஒரு தினுசாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முயற்சி பிறந்ததும் அந்தப் பஞ்சத்திலேதான். இந்திய வானிலை இலாகா 1875-இல் ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு. குளிர்காலத்தில் இமயமலையில் பனி அதிகமாய் விழுந்தால் அடுத்த கோடையில் நிலம் சூடேறத் தாமதமாகிறது, மழை குறைகிறது என்பது அவர் கொள்கை. 1886-இல் அவர் சர்க்கார் சார்பில் முதல் பருவமழை ஜோசியத்தை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் 1899-இல் நல்ல மழை பெய்யும் என்று சொன்னார். அந்த வருஷந்தான் மகா வறட்சி! அதற்குப் பிறகு ஜோசியத்தைப் பகிரங்கமாய் வெளியிடாமல் சர்க்கார் அதிகாரிகளுக்கு மட்டும் ரகசியமாய்ச் சொல்லி வந்தார்களாம். இதில் நாம் நகைக்க வேண்டியதில்லை. 2002-ஆம் வருஷத்து வறட்சியையும், பதினாறு லட்சணங்களை வைத்துக் கணக்கிட்ட அக்காலத்து முறையால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. இயல்பான மழை என்றே சொல்லியிருந்தார்கள்.

1904-இல் பதவியேற்ற கில்பர்ட் வாக்கரின் கதை நம் சென்னைக்கு உறவுள்ள கதை. அவர் கேம்பிரிட்ஜில் கணித நிபுணர். பதவிக்கு வருமுன் வானிலை சாஸ்திரம் அவருக்குத் தெரியாது. ஆஸ்திரேலிய ஆதிகுடிகளின் வளைதடி எறிந்த கையில் திரும்பி வருவது எப்படி என்று ஆராய்ந்து புகழ் பெற்றவர். அப்படிப்பட்டவரை எதற்காக அழைத்தார்கள்? காரணம் கண்டுபிடிக்கிறேன் என்று போனவர்கள் இருவரும் சறுக்கிவிட்டார்கள். எண்களையே பேசவிட்டுப் பார்ப்போம் என்பதுதான். வாக்கர் உலகத்தின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், உஷ்ணம், மழை முதலிய கணக்குகளைத் திரட்டினார். குமாஸ்தாக்களை உட்காரவைத்து, எந்த ஊர் எண் எந்த ஊர் எண்ணோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று ஆயிரக்கணக்கில் பெருக்கி வகுத்துப் பார்க்கச் செய்தார். இன்றைக்கு யந்திரம் ஒரு நொடியில் செய்வதை அன்று நம்மவர்கள் பென்சிலும் காகிதமுமாய் வருஷக்கணக்கில் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் இப்போது யாருக்கும் தெரியாது.

1913-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் வாக்கர் சென்னைக்கு வந்திருந்தார். துறைமுக ஆபீஸில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஒருவர் இருந்தார். அவருடைய நோட்டுப் புத்தகத்தைத் துறைமுகத் தலைவர் ஸ்பிரிங் துரை வாக்கருக்குக் காட்டினார். வாக்கர் உடனே சர்வகலாசாலைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் பலனாக அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கிடைத்தது. குமாஸ்தாவின் பெயர் ஸ்ரீநிவாஸ ராமானுஜன். பருவமழையைத் தேடி வந்த மனிதர் கையில் இப்படி ஒரு மின்னலும் அகப்பட்டது! கணிதத்தில் தாம் அந்த அளவுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடியவரல்ல என்று அறிந்து, கெட்டிக்காரனை அடையாளம் கண்டதோடு நில்லாமல், அவனுக்குச் சோற்றுக்கு வழி செய்தார் பாருங்கள். உபாத்தியாயர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாக்கரின் கணக்கில் அகப்பட்டது ஓர் ஊஞ்சல். பசிபிக் மகா சமுத்திரத்தின் கிழக்குப் பாதியில் காற்றழுத்தம் ஏறினால், இந்து மகா சமுத்திரப் பக்கத்தில் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. 1920-களில் இதற்குத் தென்திசை ஊசலாட்டம் என்று பெயரிட்டார். இதற்குக் காரணம் என்ன என்று அவரால் சொல்ல முடியவில்லை. பலர் நம்பவுமில்லை. தாஹிதித் தீவில் பாரமானி ஏறுவதற்கும் தஞ்சாவூரில் நெல் விளைவதற்கும் என்ன ஸ்நானப் பிராப்தி என்று கேட்டார்கள்.

விடை பெரு தேசத்துச் செம்படவர்களிடம் இருந்தது. அவர்கள் கடல் இயல்பில் குளிர்ந்தது, மீன் நிறைந்தது. சில வருஷங்களில் கிறிஸ்துமஸ் சமயத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகி மீன் மறைந்துவிடும். குழந்தை ஏசுவின் திருநாளை ஒட்டி வருவதால் அதற்கு எல் நீனோ, அதாவது 'ஆண் குழந்தை', என்று பேரிட்டார்கள். இந்த வெதுவெதுப்பும் வாக்கரின் ஊஞ்சலும் ஒரே சங்கதியின் இரண்டு முகங்கள் என்று 1969-இல் ஜாக்கப் பியர்க்னெஸ் என்பவர் நிரூபித்தார். பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் கடல் சூடானால் மேகத்தையும் மழையையும் எழுப்பும் காற்று அங்கே போய் ஏறுகிறது. ஏறிய காற்று எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்? நம் தலைக்கு மேல் இறங்கி, மேகம் எழும்பாமல் அமுக்கிவிடுகிறது. 1877-ஆம் வருஷத்துப் பஞ்சத்துக்குப் பின்னால் மிக வலுவான எல் நீனோ இருந்தது என்று இப்போது தெரிகிறது. கடல் குளிர்ந்தால் நிலைமை தலைகீழ். அதற்கு லா நீனா, 'பெண் குழந்தை', என்று பெயர். 1987-இல் எல் நீனோ. மழை நூற்றுக்கு 19 குறைவு. 1988-இல் லா நீனா. மழை நூற்றுக்கு 19 அதிகம். பெண் பிறந்தால் வீட்டுக்கு லக்ஷ்மி என்று சொல்லுகிறவர்கள் மகிழலாம்.

இவ்வளவு அழகாக எல்லா வருஷமும் நடந்துகொண்டால் வானிலை நிபுணர்களுக்கு வேலை இருக்காது. 1997-இல் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நீனோக்களில் ஒன்று வந்தது. தேசமே நடுங்கிற்று. மழையானால் இயல்புக்கு இரண்டு சதவிகிதம் அதிகமாகவே பெய்துவிட்டுப் போயிற்று! 2002-இல் சாதாரண எல் நீனோதான், வறட்சியோ பயங்கரம். பசிபிக்கில் சூடு எந்த இடத்தில் என்பதும் முக்கியம் என்று பிற்பாடு கண்டார்கள். நடுப் பசிபிக் சூடேறினால் நமக்கு அதிக ஆபத்து. தவிரவும், நம் இந்து மகா சமுத்திரத்துக்கே ஓர் ஊஞ்சல் உண்டு. சில வருஷங்களில் ஆப்பிரிக்கப் பக்கம் சூடாகவும் ஸுமத்ராப் பக்கம் குளிர்ந்தும் இருக்கும். அது நம் மழைக்குப் பெரும்பாலும் துணை நிற்கும். 1999-இல் ஸஜி, கோஸ்வாமி, வினயசந்திரன், யமகட்டா என்ற இந்திய ஜப்பானிய விஞ்ஞானிகள் இதை விளக்கி உலகத்துக்குச் சொன்னார்கள். 1997-இல் நம்மைக் காப்பாற்றியதில் இதற்கும் பங்குண்டு என்கிறார்கள். 2019-இலும் இது பலமாக இருந்தது. அவ்வருஷம் மழை இயல்புக்குப் பத்து சதவிகிதம் அதிகம்.

ஆனால் 2019 என்றதும் சென்னைவாசிகளுக்கு நினைவு வருவது வேறு. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் வந்த வருஷம் அல்லவா அது! நம் தெருவில் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் லாரி வரும். குடங்களின் சத்தத்தில் குழந்தைகள் விழித்துக்கொள்வார்கள். வகுப்பில் முதல் மணியில் தூங்கி வழிந்த பையன்களை அந்த வருஷம் நாம் கண்டிக்கவில்லை. அதற்கு முந்திய 2018-ஆம் வருஷத்து ஆடியில் காவேரி கரை புரண்டு, மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் மிகுநீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் மதகுகளே அடித்துக்கொண்டு போகப்பட்டன. ஆனால் அந்த வருஷத்து ஐப்பசி மழை சென்னையைக் கைவிட்டது. காவேரியில் வெள்ளம் போன மறு வருஷம் சென்னையில் குடத்துக்குச் சண்டை.

நம் தமையனார் கும்பகோணத்துக்கு அருகில் ஒன்றரை வேலி நிலம் வைத்துக்கொண்டு குடியானவராக இருக்கிறார். அவருக்கு ஊரில் பெய்யும் மழையைப் பற்றி ஆடியில் கவலை இல்லை. குடகில் பெய்கிறதா, வயநாட்டில் பெய்கிறதா என்றுதான் கேட்பார். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை உண்டு. இல்லாவிட்டால் சம்பா மட்டும். 2012 முதல் 2019 வரையில் எட்டு வருஷம் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. அதற்கு மழை மட்டும் காரணமல்ல, இரண்டு ராஜ்யங்களின் வழக்கும் காரணம் என்பது உலகறிந்தது. ஆனால் 2016-ஐப் பாருங்கள். அகில இந்தியக் கணக்கில் அவ்வருஷம் மழை நூற்றுக்கு 97. இயல்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள். கேரளத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, குடகும் காய்ந்தது. அதன் பிறகு வடகிழக்குப் பருவமும் பொய்த்தது. அந்தத் தை மாதம் தமையனார் டெலிபோனில் பேசும்போது, "இந்தியாவில் எல்லாம் இயல்பாம், உன் பேப்பரில் படித்தாயா?" என்று ஒரே ஒரு வாக்கியம் கேட்டார். அதற்கு மேல் விளைச்சலைப் பற்றிப் பேசவில்லை. நாமும் கேட்கவில்லை.

பட்டணத்துக் குழாய்க்கும் ஆடி மாதத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1996 முதல் கிருஷ்ணா நதி நீர் கண்டலேறு வழியாகப் பூண்டிக்கு வருகிறது. கிருஷ்ணா பிறப்பது மகாபலேசுவரத்தில். மேற்குத் தொடர்ச்சி மலையில், நாம் கண்ணால் காணாத அந்த உச்சியில் ஜூலை மாதம் பெய்ததில் ஒரு செம்பு, நம் வீட்டுச் சமையலறைக் குழாயில் என்றாவது ஒருநாள் இறங்குகிறது.

மற்றொரு விந்தையையும் சொல்லிவிடுகிறோம். தென்மேற்கைக் கெடுக்கும் எல் நீனோ, வடகிழக்குப் பருவத்தைப் பெரும்பாலும் பெருக்குகிறது. 1918-இல் தேசம் வறண்டது. விஷக்காய்ச்சல் வேறு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதே வருஷம் நவம்பரில் சென்னையில் கொட்டிய மழை 108 சென்டிமீட்டருக்கு மேல். அந்த அளவை நெருங்கிய நவம்பர் மறுபடி வருவதற்கு 97 வருஷம் ஆயிற்று. 2015-இல் தென்மேற்குப் பருவம் நூற்றுக்கு 14 குறைவு. நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 104 சென்டிமீட்டருக்கு மேல். டிஸம்பர் முதல் தேதி இரவு அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. முகத்துவாரத்து மணல் திட்டை வெள்ளமே அறுத்துக்கொண்டு வெளியேறியதை மறுநாள் நம் கண்ணால் கண்டோம். சீனிவாசபுரத்துச் செம்படவர் ஒருவர் அப்போது நம் பக்கத்தில் நின்றிருந்தார். "வாத்தியாரே, ஆடியிலே ஏமாத்தினதை கார்த்திகையிலே வட்டியோட கட்டிட்டுப் போகுது" என்றார். வாக்கர் துரையின் குமாஸ்தாக்கள் இதைக் கேட்டிருந்தால் பென்சிலைக் கீழே வைத்திருப்பார்கள்.

எட்டாவது வகுப்புப் பையனுக்கு இதையெல்லாம் இரண்டு நாளில் சொல்லி முடித்தோம். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஸார், நம் மழைமானிக்குப் பக்கத்தில் மேட்டூர் நீர்மட்டத்தையும் எழுதி வைக்கலாமா?" என்றான். எழுதலாம் என்றோம். இப்போது நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு இரண்டு பத்திகள் ஆக்கியிருக்கிறார்கள். முதல் நாள் பதிவில், பள்ளிக்கூடத்தில் 31 மில்லிமீட்டர் என்று இருந்தது; எதிர்ப் பத்தியில் மேட்டூர் அரை அடி இறங்கியிருந்தது. அடுத்த வீட்டுக் கணக்கரிடம் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்தார். "பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறான்" என்று சொல்லிவிட்டு, மாடிக்குப் போய் வேஷ்டியை எடுத்து வந்தார். மேற்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது.